மரத்தடி மழைமானி

அவருக்கு ஊரில் பெயர் மில்லிமீட்டர். பெற்றவர்கள் வைத்த பெயர் சம்பளப் பட்டியலில் பத்திரமாக இருக்கிறது; வேறு எங்கும் அது புழக்கத்தில் இல்லை. மலைமேல் இருக்கும் வானிலை நிலையத்தில் இருபத்தேழு வருஷமாக மழை அளக்கிறார். நிலையம் என்றதும் பெரிதாக எதையும் நினைத்துக்கொள்ள வேண்டாம். கம்பி வேலி போட்ட கொஞ்சம் புல்தரை, நடுவில் ஒரு மழைமானி, பக்கத்தில் ஒற்றை அறை, அறைக்குள் ஒரு மேஜை, பூட்டு சரியாக விழாத ஒரு பீரோ. அவ்வளவுதான்.

தினமும் காலை எட்டரை மணிக்கு மழைமானியைத் திறப்பார். உள்ளே சேர்ந்த தண்ணீரை அளவுக் குடுவையில் ஊற்றுவார். குனிந்து, குடுவையைக் கண் மட்டத்தில் வைத்துப் பார்த்து, கறுப்பு மையில் எழுதுவார். எட்டரை என்றால் எட்டரை. எட்டு முப்பத்தொன்று ஆகிவிட்டால் அன்று முழுக்க யாரிடமும் முகம் கொடுத்துப் பேசமாட்டார். "நேத்து நல்ல மழையா?" என்று யாராவது கேட்டால், "பதினாலு புள்ளி ரெண்டு" என்பார். அது நல்ல மழையா கெட்ட மழையா என்பது அவர் இலாகா இல்லை.

அவர் மனைவியை ஊர் லாண்டரியம்மா என்றது. நிலையத்துக்கு அடுத்த வளைவில் சலவைக்கூடம் வைத்திருந்தார். மூன்று சிமென்ட் தொட்டி, ஒரு பெரிய மிஷின், கூட வேலை செய்ய இரண்டு பெண்கள். விடுதிகளின் படுக்கை விரிப்புகளும் ஆஸ்பத்திரி வெள்ளைத் துணிகளும் அங்கேதான் வெளுக்க வரும். மழை அளப்பவருக்கும் துணி காயவைப்பவருக்கும் பொருத்தம் பார்த்த புண்ணியவான் யாரோ தெரியவில்லை. ஒருவர் மேகத்தைத் தேடி வானத்தைப் பார்ப்பார். மற்றவர் வெயிலைத் தேடி அதே வானத்தைப் பார்ப்பார். இருந்தும் இருபத்துநான்கு வருஷம் பெரிய சண்டை இல்லாமல் ஓடிவிட்டது.

வேலையில் சேர்ந்த முதல் வருஷம் மில்லிமீட்டர் ஒரு தப்பு செய்தார். மழைமானியைக் கொண்டுபோய் ஒரு பெரிய மரத்தடியில் வைத்தார். காரணம், அளக்கும்போது தான் நனையாமல் இருக்கலாம். அடிமரத்தை மூன்று பேர் சேர்ந்தால்தான் கட்டிப்பிடிக்க முடியும். கிளையெல்லாம் பாசி தாடி தாடியாகத் தொங்கும். அந்தக் காலத்தில் அந்த மலையில் மூடுபனி வாசற்படியில் வந்து உட்காரும். தீக்குச்சி பற்றாது, செருப்பில் பூஞ்சை பிடிக்கும், லாண்டரியம்மா காயப்போட்ட விரிப்பு மூன்றாம் நாளும் கையில் ஒட்டும்.

கோடை வந்தது. அடிவாரத்தில் சொட்டு மழை இல்லை. மலைமேலிருந்து மட்டும் தினமும் மூன்று மில்லிமீட்டர், நான்கு மில்லிமீட்டர் என்று தலைமை அலுவலகத்துக்குக் கணக்கு போய்க்கொண்டிருந்தது. இந்த ஆள் வீட்டில் படுத்துக்கொண்டு எழுதுகிறான் என்று முடிவு கட்டி, மேலாய்வாளரை அனுப்பிவைத்தார்கள். அவர் வந்து மரத்தடியில் நின்றார். அண்ணாந்து பார்த்தார். மூக்கில் ஒரு சொட்டு விழுந்தது.

"யோவ், இது மழை இல்லய்யா. பனிய மரம் புடிச்சு சொட்டவிடுது. இதப்போய் மழைக் கணக்குல எழுதியிருக்கியே."

"தண்ணிதானே சார்?"

"தண்ணிதான். ஆனா வானத்துலேர்ந்து நேரா வரணும். நடுவுல எவனும் கை வைக்கக் கூடாது. மரமும்தான்."

மழைமானி வெட்டவெளிக்குப் போனது. சுற்றி வேலி வந்தது. விளிம்பு நசுங்கிய ஒரு பழைய புனலை, இனி உதவாது, தூக்கிப் போட்டுவிடு என்று மேலாய்வாளர் சொல்லிவிட்டுப் போனார். சரி என்று தலையாட்டிய மில்லிமீட்டர், நசுங்கிய விளிம்பைத் தட்டி நிமிர்த்தி, ஒரு பால்பவுடர் டின்மேல் பொருத்தி, அதே மரத்தடியில் பழைய இடத்திலேயே வைத்தார். அடமெல்லாம் இல்லை. மழைமானியை மாற்றிய மறுநாள் எட்டரைக்குக் கால் பழக்கத்தில் அங்கே போய்விட்டது. மரத்தடியில் சும்மா கிடந்த பாத்திரம் ஒன்றில் தண்ணீர் நின்றது. அளக்காமல் கொட்ட அவருக்குக் கை வரவில்லை. அளந்த பிறகு எழுதாமல் இருக்க மனசு வரவில்லை. அலுவலகப் புத்தகத்தில் எழுதக் கூடாது என்பதால் தனியாக ஒரு நோட்டு வாங்கி, சிவப்பு மையில் எழுதினார்.

அப்படியே இருபத்தாறு வருஷம் போயிற்று. வருஷத்துக்கு ஒரு நோட்டு. தேதி, அளவு, குறிப்பு என்று மூன்று கட்டம். ஆய்வுக்கு ஆள் வரும் நாளில் டின்னைப் புதருக்குள் ஒளித்துவைப்பார். வாழ்க்கையில் அவர் செய்த ஒரே சட்டவிரோதச் செயல் இதுதான். அதையும் காலை எட்டரைக்குச் செய்தார்.

இதற்குள் அடிவாரத்தில் என்ன நடந்தது என்பதை மலைமேல் இருந்த எல்லோரும் பார்த்தார்கள், யாரும் கவனிக்கவில்லை. வேலியோரத்தில் நின்று பார்த்தால் கீழே கண்ணுக்கெட்டிய மட்டும் காடு. முதலில் அதில் ஒரு சதுரம் காணாமல் போனது. பிறகு பக்கத்தில் இன்னொன்று. பன்னிரண்டு வருஷத்தில் காடு போய், கோடு போட்டு நட்ட ஒரே பயிர் வந்தது. அதை ஒட்டிச் செங்கல் சூளைகள் வந்தன. பிறகு வரிசையாகத் தகரக் கூரைகள். மலைமேல் ஒரு மரத்தையும் யாரும் தொடவில்லை. மேலே இருந்தது பாதுகாக்கப்பட்ட காடு. அதைச் சொல்லும் பலகைக்குக்கூட மூன்று வருஷத்துக்கு ஒருமுறை வர்ணம் அடித்தார்கள்.

ஆனால் மூடுபனி வாசற்படியை விட்டு எழுந்தது. முதலில் கூரை உயரத்துக்குப் போனது. பிறகு மரத்தின் தலைக்கு. பிறகு உச்சியில் இருக்கும் செல்போன் கோபுரத்துக்கும் மேலே, மலையை எட்டிப் பார்த்துவிட்டு அப்படியே தாண்டிப் போக ஆரம்பித்தது. சிவப்பு நோட்டில் கோடைக் கணக்கு நான்கிலிருந்து மூன்றானது, மூன்றிலிருந்து ஒன்றரையானது, ஒன்றரை அரையானது. கறுப்பு நோட்டில் ஒரு மாற்றமும் இல்லை. மழைக்காலத்தில் மழை வழக்கம்போல வந்தது, வழக்கம்போலப் போனது.

மரத்தில் பாசி பழுத்து, காய்ந்து, கொத்துக் கொத்தாகக் கீழே விழுந்தது. கிளையில் ஒட்டி வளர்ந்த செடிகள் சருகாயின. நிழலில் மட்டும் வளர்கிற பெரணி இருந்த இடத்தில் வெயிலுக்கு அஞ்சாத முள்செடி ஒன்று வந்து, கேட்பாரில்லாமல் குடியேறியது. சாயங்காலமானால் காதைத் துளைக்கும் தவளைச் சத்தம் ஒரு வருஷம் குறைந்தது, அடுத்த வருஷம் இல்லவே இல்லை. மில்லிமீட்டருக்கு மட்டும் அது குறையாகப் பட்டது. மற்றவர்கள் இப்போதுதான் நிம்மதியாகத் தூங்க முடிகிறது என்றார்கள்.

லாண்டரியம்மாவுக்கோ யோகம் அடித்தது. மூன்று நாளில் காயாத விரிப்பு அரை நாளில் காய்ந்தது. நான்கு கொடி இருந்த முற்றத்தில் பதினோரு கொடி கட்டினார். "உங்க பனி போனதுல எனக்கு ஒரு வருத்தமும் இல்லைங்க" என்று கணவரிடம் நேராகவே சொன்னார். சொன்னவருக்கு வேறொரு வருத்தம் இருந்தது. அது கணவரைப் பற்றியது.

ஐந்தாறு வருஷத்துக்கு முன்னால் ஒரு கோடையில் சிவப்பு நோட்டில் முதல்முதலாகச் சைபர் விழுந்தது. அன்று அவர் காலைச் சாப்பாட்டைப் பாதியில் வைத்துவிட்டு எழுந்தார். மறுவருஷக் கோடையில் தொடர்ந்து நாற்பத்தொரு நாள் சைபர். நாற்பத்தொரு நாளும் தட்டைத் தொட்டுப் பார்த்துவிட்டு எழுந்தார். பேச்சு குறைந்தது. சட்டை தொளதொளத்தது. "மரத்துக்கு என்ன ஆச்சுன்னு நீங்க எதுக்கு பட்டினி கெடக்கறீங்க?" என்று லாண்டரியம்மா கேட்டதற்கு, "பசிக்கல" என்று மட்டும் பதில் வந்தது.

நாற்பத்திரண்டாம் நாள் டின்னில் தண்ணீர் இருந்தது. ஒன்று புள்ளி எட்டு.

மில்லிமீட்டர் மூன்று முறை அளந்தார். மூன்று முறையும் அதேதான். வீட்டுக்கு வந்து தட்டை வழித்துச் சாப்பிட்டார். மரம் எப்படித் தாங்குகிறது, இலை எப்படிப் பனியைப் பிடிக்கிறது என்று அரைமணி நேரம் பேசினார். மறுநாளும் ஒன்று புள்ளி எட்டு. அதற்கு மறுநாள் ஒன்று புள்ளி ஒன்பது. அந்தக் கோடை முழுக்க அப்படியே போனது. அடுத்த மூன்று கோடையும் அப்படியே. தண்ணீரில் ஒரு சின்ன விசேஷம் மட்டும் இருந்தது. முதல் நாளே குறிப்புக் கட்டத்தில் எழுதிவிட்டார்: 'நிறம் இளநீலம். பாசி காய்வதால் இருக்கலாம்.' பிறகு தினமும் 'இளநீலம்' என்று ஒரு சொல் மட்டும். மனைவி உறவுக்காரர் வீட்டுக்குப் போய் எட்டு நாள் தங்கிவிட்டு வந்தபோது, எட்டு நாளும் சைபர். 'தற்செயல்' என்று எழுதினார். புத்திசாலி ஆள்தான். ஆனால் மில்லிமீட்டரில் வருவதைத்தான் அவர் பார்ப்பார்.

போன மாதம் அந்தக் கடிதம் வந்தது. அனுப்பியது அடிவார ஊரின் நகராட்சி. மலையிலிருந்து இறங்கும் ஓடைதான் அந்த ஊருக்குக் குடிதண்ணீர். சில வருஷமாகக் கோடையில் அது வறண்டுபோகிறது. ஆனால் வானிலை நிலையக் கணக்குப்படி மலையில் மழை குறையவே இல்லை. எனவே மேலே யாரோ தண்ணீரை எடுக்கிறார்கள். மேலே நிறையத் தண்ணீர் புழங்கும் இடம் ஒன்றுதான், அது சலவைக்கூடம். அதை ஏன் மூடக் கூடாது என்று நேரில் வந்து பதில் சொல்ல வேண்டும். கடிதத்தோடு மழைக் கணக்குப் பட்டியல் இணைக்கப்பட்டிருந்தது.

மில்லிமீட்டர் முதலில் பட்டியலைத்தான் பார்த்தார். கண்ணாடியை மாட்டிக்கொண்டு வரி வரியாகச் சரிபார்த்தார்.

"ஒரு தப்புகூட இல்ல" என்றார். குரலில் கொஞ்சம் பெருமை இருந்தது.

"நீங்க எழுதின கணக்க வெச்சுத்தான் என் கடைய மூடச் சொல்றாங்க" என்றார் லாண்டரியம்மா. "அந்த ரெண்டு பொண்ணுங்களுக்கு நான் என்ன பதில் சொல்லுவேன்? ஒரு ஓடைய குடிக்கற அளவுக்கு நான் என்ன துவைக்கறேன்?"

மில்லிமீட்டர் எழுந்துபோய், பூட்டு விழாத பீரோவிலிருந்து இருபத்தாறு சிவப்பு நோட்டுகளையும் எடுத்தார். சலவைக்கு வந்த தலையணை உறை ஒன்றில் அவற்றைப் போட்டுக் கட்டினார். "மழை குறையல. பனிதான் குறைஞ்சிருக்கு. இதுல இருக்கு. வேலை போனாலும் பரவாயில்ல, காட்டிடறேன்" என்றார். லாண்டரியம்மாவின் முகம் வெளிறிவிட்டது. வேலை போய்விடும் என்று பயப்படுகிறாள் என அவர் நினைத்துக்கொண்டார்.

விசாரணை நகராட்சிக் கூட்ட அறையில். நீளமான மேஜை, கண்ணாடிக்குக் கீழே போன வருஷக் காலண்டர், ஓடும்போது ஒருபக்கம் இழுக்கிற மின்விசிறி. விசாரிக்க வந்தவர் நீர்வளத் துறைப் பொறியாளர். ஐம்பது வயது அம்மாள், கையில் பென்சில். அவருக்கு வலப்பக்கம் நகராட்சிச் செயலாளர். லாண்டரியம்மா கடைசி வரிசையில், தன்னிடம் வேலை செய்யும் இரண்டு பெண்களுக்கு நடுவில் உட்கார்ந்திருந்தார்.

மில்லிமீட்டர் தலையணை உறையை மேஜைமேல் கொட்டினார். மேலாய்வாளருக்குத் தலையாட்டியது, டின்னை ஒளித்துவைத்தது எல்லாவற்றையும் முதலிலேயே ஒப்புக்கொண்டார். யாரும் கேட்கவில்லை, அவராகவே சொன்னார்.

பொறியாளர் நோட்டுகளைப் புரட்டினார். கூடவே அவர் முகமும் மாறியது. நகராட்சிக் கடிதத்தின் பின்பக்கத்தைத் திருப்பி, ஒவ்வொரு கோடைக்கும் ஒரு புள்ளி வைத்துக்கொண்டே வந்தார். புள்ளிகள் இறங்கிக்கொண்டே போயின.

"சார், இத ஏன் இத்தன வருஷமா யாருக்கும் காட்டல?"

"இது மழை இல்லன்னு சொல்லிட்டாங்க மேடம்."

"இது மழை இல்லதான். கோடைல ஓடையே இதுதான்" என்றார் பொறியாளர். செயலாளர் பக்கம் திரும்பி, பென்சிலால் ஜன்னலுக்கு வெளியே காட்டினார். "கீழ காடு இருந்தப்ப அது விட்ட ஈரத்துல காத்து குளிர்ச்சியா இருந்துது. மேகம் தாழ வந்து மலை மேல படிஞ்சுது. மேல இருக்கற மரமெல்லாம் அதப் புடிச்சு சொட்டவிட்டுது. மழை இல்லாத மாசத்துல உங்க ஊர் குடிச்சது அந்தத் தண்ணி. இப்ப கீழ வெறும் மண்ணும் சூளையும். காத்து சூடாயிடுச்சு, ஈரமும் இல்ல. மேகம் உண்டாகறதே உயரத்துல. மலையத் தொடாமலே போயிடுது. மேல ஒரு மரத்தையும் வெட்டல, ஆனா அந்தக் காடு காயுது."

செயலாளருக்கும் அடிவாரத்தில் எட்டு ஏக்கர் இருந்தது. அவர் அதைப் பற்றிப் பேசவில்லை. காகிதத்தின்மேல் குனிந்து பார்த்தார். கடைசி நான்கு புள்ளிகளில் விரலை வைத்தார். சைபரைத் தொட்டுவிட்டு அவை மறுபடி மேலே ஏறி, நேர்கோடாக நின்றன.

"மேடம், இங்க பாருங்க. நாலு வருஷமா பனி திரும்ப வந்துடுச்சே? அவரே எழுதியிருக்காரு, தினமும் ஒண்ணு புள்ளி எட்டு. ஆனா ஓடை ரொம்ப வறண்டது இந்த நாலு வருஷத்துலதான். அப்ப அந்தத் தண்ணி எங்க போச்சு?"

எல்லோரும் கடைசி வரிசையைத் திரும்பிப் பார்த்தார்கள். மில்லிமீட்டரின் நோட்டு மனைவிக்கு எதிராகச் சாட்சி சொல்வது இது இரண்டாம் தடவை.

லாண்டரியம்மா எழுந்து நின்றார்.

"அது பனி இல்லைங்க. நான் ஊத்தினது."

மின்விசிறி ஒருபக்கம் இழுத்துக்கொண்டு ஓடியது.

"காலைல அஞ்சு மணிக்கு வேலைய ஆரம்பிக்கும்போது போய்ப் பாப்பேன். டின்னு காஞ்சு கெடந்தா ஒரு கப்பு ஊத்திட்டு வருவேன். சைபர்னு எழுதினா மனுஷன் சாப்பிட மாட்டாருங்க. நாப்பத்தோரு நாள் பாத்தேன். அதுக்கு மேல என்னால பாக்க முடியல." கணவர் இருந்த பக்கம் அவர் திரும்பவே இல்லை. "தப்புதாங்க. கடைய மூடறதுன்னா மூடிக்கங்க. அவரு எழுதினது பொய்யின்னு மட்டும் சொல்லாதீங்க."

செயலாளர் நாற்காலியில் நன்றாகச் சாய்ந்துகொண்டார். "சரியாப் போச்சு. கலப்படம் பண்ணின கணக்கு. இத எப்படி மேடம் எடுத்துக்கறது?"

பொறியாளரும் பென்சிலைக் கீழே வைத்துவிட்டார். "எந்தெந்த நாள் ஊத்தினீங்கன்னு ஞாபகம் இருக்காம்மா? நாலு வருஷத்துல எது பனி, எது உங்க தண்ணின்னு தெரியாம இந்த நோட்ட நான் மேல அனுப்ப முடியாது."

"கணக்கெல்லாம் வெச்சுக்கலைங்க. அது அவரு வேலை."

"எந்தக் கப்பு?" என்று ஒரு குரல் கேட்டது. மில்லிமீட்டர்தான். நான்கு வருஷ உண்மை தலையில் விழுந்த மனிதர் கேட்ட முதல் கேள்வி அது.

"நீலம் கலக்கற கப்பு" என்றார் லாண்டரியம்மா. வெள்ளைத் துணிக்குப் போடும் நீலத்தைக் கலக்கித் தொட்டியில் ஊற்றுவதற்கு அவர் ஒரு பிளாஸ்டிக் கப்பு வைத்திருந்தார். எத்தனை தடவை கழுவினாலும் அதன் அடியில் கொஞ்சம் நீலம் நிற்கும்.

மில்லிமீட்டர் மேஜைக்குப் போனார். கடைசி நான்கு நோட்டுகளையும் பிரித்துப் பொறியாளர் முன்னால் வைத்தார். மூன்றாவது கட்டத்தில் விரலை வைத்தார்.

"இளநீலம்னு எழுதியிருக்கற நாளெல்லாம் அடிச்சிடுங்க மேடம். அது அவ ஊத்தினது. எழுதாத நாள் நெஜம்."

பொறியாளர் நிதானமாகப் பார்த்தார். ஒரு நாளும் விட்டுப்போகவில்லை. இருமலோடு படுத்திருந்த நாள், பேனா கசிந்த நாள் எல்லாவற்றிலும் அந்தச் சொல் இருந்தது. அவர் பென்சிலை எடுத்து அடிக்க ஆரம்பித்தார். ஒரு பக்கம் முழுக்க அடித்தார், அடுத்த பக்கம் முழுக்க அடித்தார். வேலை முடிய முக்கால் மணி நேரம் ஆயிற்று. லாண்டரியம்மா ஊருக்குப் போயிருந்த அந்த எட்டு நாளும் அப்படியே நின்றன, சைபராக. நான்கு கோடையிலும் அடிபடாமல் மிஞ்சியதெல்லாம் சைபர்தான். காகிதத்தில் இருந்த நான்கு புள்ளிகளை அழித்து, கீழ்க்கோட்டின்மேல் ஒன்றன்பக்கத்தில் ஒன்றாக மறுபடி வைத்தார்.

"இப்ப பொருந்துது" என்றார். அவர் குரலும் அவ்வளவு சந்தோஷமாக இல்லை.

சலவைக்கூடத்தை மூட வேண்டியதில்லை என்று அன்றே எழுதிக் கொடுத்தார். அது அந்த ஓடையில் எடுப்பது ஒரு பொருட்டே இல்லை என்பதற்குக் குழாயின் மீட்டரையே சாட்சியாகக் காட்டினார். அடிவார நிலத்தைப் பற்றி ஆராய ஒரு குழு அமைக்கப்படும் என்று செயலாளர் அறிவித்தார். தலைவராகத் தன்னையே போட்டுக்கொண்டார். கீழே ஒரு செடி புதிதாக நட்டதாக இதுவரை தகவல் இல்லை. பத்து நாள் கழித்துத் தலைமை அலுவலகத்திலிருந்து மில்லிமீட்டருக்கு ஒரு புதுப் புனல் வந்தது. இனிமேல் மரத்தடியிலும் முறைப்படி அளந்து அனுப்ப வேண்டும் என்று ஒரு உத்தரவும் வந்தது. நியாயமாக அவர் துள்ளிக் குதித்திருக்க வேண்டும். புனலைத் துடைத்து மேஜைமேல் வைத்துவிட்டுக் கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்தார். மனைவியின் கடை பிழைத்தது. நான்கு வருஷமாகத் தாக்குப்பிடித்த மரம் ஒரே மத்தியானத்தில் இல்லாமல் போய்விட்டது. அந்தத் துக்கம் அவருக்கு இருந்தது. அதை யாரிடம் சொல்வது என்றுதான் தெரியவில்லை.

அந்த விசாரணையிலிருந்து திரும்பிய அன்று பஸ்ஸில் இருவரும் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்திருந்தார்கள். தலையணை உறை இருவர் மடியிலுமாகக் கிடந்தது. பாதி வழியில் லாண்டரியம்மாதான் கேட்டார்.

"கோவமா?"

"அளவு சரியா ஊத்தியிருக்க" என்றார் மில்லிமீட்டர். "நாலு வருஷத்துல ஒண்ணு புள்ளி ஏழுக்குக் கீழ போகல, ரெண்டத் தாண்டல."

மறுநாள் காலை லாண்டரியம்மா ஐந்து மணிக்கு எழுந்தார். கப்பைக் கழுவிக் கவிழ்த்து வைத்தார். மரத்தடிப் பக்கம் போகவில்லை. எட்டரைக்கு மில்லிமீட்டர் வேலிக்குள் அளந்தார், மழை இல்லை. மரத்தடிக்குப் போனார். புனலை எடுத்தார். டின்னைக் கவிழ்த்து, அளவுக் குடுவைமேல் பிடித்துக்கொண்டு நின்றார். ஒன்றும் விழவில்லை. அப்போதும் குனிந்து, குடுவையைக் கண் மட்டத்தில் வைத்துப் பார்த்தார். சிவப்பு மையில் 0.0 என்று எழுதினார். குறிப்புக் கட்டத்தை வெறுமனே விட்டார்.

வீட்டில் தட்டு வைத்திருந்தது. லாண்டரியம்மா சமையலறைக் கதவில் சாய்ந்துகொண்டு, துடைத்த கையையே திரும்பத் திரும்பத் துடைத்துக்கொண்டிருந்தார். எவ்வளவு என்று கேட்கவில்லை.

மில்லிமீட்டர் உட்கார்ந்தார். ஒரு வாய் எடுத்தார். பிறகு இன்னொரு வாய். அவசரப்படாமல், ஒன்றையும் மிச்சம் வைக்காமல் சாப்பிட்டு முடித்துவிட்டு, தட்டை மனைவி பக்கமாக நகர்த்தினார்.

"இன்னும் கொஞ்சம் போடு" என்றார்.

அவருக்குத் துளியும் பசி இல்லை.